உலகம் தோன்றுமுன் எழுதப்பட்ட தீர்ப்பு: யாக்கோபுஸ் ஆர்மினியஸின் வாழ்வும் வழக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்துள்ள தீவுகளுக்கு ஒல்லாந்தர் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தனர் என்பது வரலாற்று மாணவர்கள் அறிந்த செய்தியே. அவர்களுடைய ஏடுகளிலும் வரைபடங்களிலும் காரைநகர் ஆம்ஸ்டர்டாம் எனவும், வேலணைத் தீவு லெய்டன் எனவும், நெடுந்தீவு டெல்ஃப்ட் எனவும் குறிக்கப்பட்டன. நெடுந்தீவோடு மாத்திரம் அப்பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இப்பெயர்கள் எமது கடலுக்கு வந்து சேர்வதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர், அதே மூன்று நகரங்களையும் ஒரு சமய விவாதம் பற்றிக்கொண்டிருந்தது. மனிதனொருவன் மீட்படைவதும் அழிவதும் அவன் பிறப்பதற்கு முன்னரே, ஏன் உலகம் தோன்றுவதற்கு முன்னரே, இறைவனால் தீர்க்கப்பட்டுவிட்டதா என்பதே அவ்விவாதமாகும். டெல்ஃப்ட் நகரப் போதகர் இருவரின் நூலொன்றினால் அதற்குள் இழுக்கப்பட்டு, ஆம்ஸ்டர்டாமில் போதகராகவும் லெய்டனில் பேராசிரியராகவும் இருந்து அதனைச் சுமந்து, அதன் நடுவிலேயே மாண்டவர் யாக்கோபுஸ் ஆர்மினியஸ்.

இன்று கிறிஸ்தவ உலகில் கல்வினியம், ஆர்மினியம் என்பன எதிரெதிர் அணிகளாகக் கருதப்படுகின்றன. ஆனால், ஆர்மினியஸ் வாழ்ந்த காலத்தில் அவ்வாறானதொரு எல்லைக்கோடு இருக்கவில்லை. அவர் கல்வினின் ஜெனீவாவிலே பயின்றவர். சீர்திருத்தச் சபையின் போதகராகவே வாழ்ந்து அதன் அங்கத்தவராகவே இறந்தவர். வேதாகமத்துக்கு அடுத்தபடியாகக் கல்வினின் வேத விளக்கங்களை வாசிக்குமாறு தமது மாணவர்களைத் தூண்டியவர். ஒரே வீட்டுக்குள் எழுந்த வழக்கு அது. அதனாலேயே அத்துணைக் கடுமை அதற்கு இருந்தது போலும்.

ஒல்லாந்தின் ஔடவாட்டர் என்னும் சிற்றூரில் 1560ஆம் ஆண்டளவில் பிறந்த அவரது இயற்பெயர் யாக்கோப் ஹெர்மன்ஸ். உரோமரை எதிர்த்து நின்ற பண்டைய ஜெர்மானியத் தலைவன் ஒருவனின் பெயரை, அக்காலக் கற்றோர் வழக்கப்படி, பின்னாளில் இலத்தீன் வடிவில் சூடிக்கொண்டார். சிறு பருவத்திலேயே தந்தையை இழந்த அவரை, சீர்திருத்தக் கருத்துகளில் நாட்டம் கொண்டிருந்த தியோடோரஸ் எமிலியஸ் என்னும் குருவானவர் உட்ரெக்ட் நகருக்கு அழைத்துச் சென்று படிப்பித்தார். அவரும் இறந்துபோக, ஔடவாட்டரைச் சேர்ந்த கணிதவியலாளர் ருடோல்ஃப் ஸ்னெலியஸ் இவரைத் தம்முடன் ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குக் கூட்டிச் சென்றார். (உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயின்றோர் ஒளிமுறிவு பற்றிய சினெலின் விதியை மறந்திருக்கமாட்டார்கள். அவ்விதிக்குரிய வில்லிபிரோட், இந்த ஸ்னெலியஸின் மகனாவார்.)

மார்பர்க்கில் இருந்தபோதே அச்செய்தி வந்தது. 1575ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஸ்பானியப் படைகள் ஔடவாட்டரைக் கைப்பற்றிக் குடிமக்களைக் கொன்று குவித்தன. ஊர் எரிக்கப்பட்டது. தாயும் உடன்பிறந்தோரும் உறவினரும் மாண்டனர். பதினைந்து வயது மாணவன் ஊருக்குத் திரும்பி வந்து, எஞ்சியிருந்த இடிபாடுகளைக் கண்டு, மீண்டும் கால்நடையாகவே மார்பர்க்குக்குச் சென்றதாக அவரது வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இவ்விழப்பைப் பற்றி ஆர்மினியஸ் தமது எழுத்துகளில் அதிகம் பேசியவரல்லர். ஆயினும், மனிதரிற் பெரும்பகுதியினர் அழிவதற்கென்றே படைக்கப்பட்டனர் என்னும் கொள்கையைக் கேட்கும்போதெல்லாம் அவரால் அமைதி கொள்ள முடியாதிருந்தமைக்கு, எரிந்துபோன அவ்வூருக்கும் பங்குண்டு என்று கருத இடமுண்டு.

ஸ்பானிய முற்றுகையைத் தாங்கி நின்றதற்குக் கிடைத்த பரிசாக லெய்டன் நகரில் 1575இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் தொடக்க கால மாணவர்களுள் ஒருவராக ஆர்மினியஸ் சேர்ந்தார். அவரது திறமையைக் கண்ட ஆம்ஸ்டர்டாம் வணிகர் சங்கமொன்று மேற்படிப்புக்குப் பொருளுதவி வழங்கியது. பிரதியுபகாரமாக, வாழ்நாள் முழுவதும் அந்நகருக்கே ஊழியம் செய்வதாக அவர் எழுதிக் கொடுத்தார். 1582இல் ஜெனீவா சென்று, கல்வினின் வழித்தோன்றலான தியோடர் பெசாவின் கீழ்ப் பயின்றார். இடையில் பாசெல் நகரிலும் படித்தார். பெசா தமது மாணவரைக் குறித்து ஆம்ஸ்டர்டாமுக்கு நற்சான்றும் அனுப்பினார். பின்னர் நண்பர் ஒருவருடன் இத்தாலிக்குச் சென்று பதுவா நகரில் தத்துவ விரிவுரைகளைக் கேட்டார். உரோமையையும் பார்த்து வந்தார். அப்பயணம் அவருக்குப் பெருந்தொல்லையாயிற்று. பாப்பரசரின் பாதரட்சையை முத்தமிட்டார் என்னும் வதந்தி, அவர் மறைந்த பின்னருங்கூட ஓய்ந்தபாடில்லை.

1588இல் ஆம்ஸ்டர்டாமில் போதகராக அபிஷேகம் பெற்ற அவர், 1590இல் நகரின் செல்வாக்குமிக்க ரேயல் குடும்பத்துப் பெண்ணான லிஸ்பெத்தை மணந்தார். அவரது வீட்டில் தங்கியிருந்த மைத்துனன் லோரன்ஸ் ரேயல், பின்னர் 1616 முதல் 1619 வரை ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் நாயகமாக விளங்கினார்.

இனி, டெல்ஃப்ட் போதகர்களின் நூலுக்கு வருவோம். முன்குறித்தல் பற்றிய கல்வினியக் கொள்கையைக் கூர்ன்ஹெர்ட் என்னும் சமயச் சிந்தனையாளர் வன்மையாகத் தாக்கி வந்தார். அவருக்கு மறுப்புரைக்கப் புகுந்த டெல்ஃப்ட் போதகர் இருவர், 1589இல் தாமே பெசாவின் கருத்தினின்றும் விலகி நூலொன்றை வெளியிட்டனர். இவ்விடத்தில் கல்வினியருக்கு உள்ளேயே இருந்த வேறுபாட்டை விளக்குதல் அவசியமாகும். ஆதாமின் வீழ்ச்சியைக் கருதுமுன்னரே, ஏன் படைப்பையே கருதுமுன்னரே, சிலரை நித்திய வாழ்வுக்கும் ஏனையோரை நித்திய அழிவுக்கும் இறைவன் குறித்துவிட்டார் என்றும், படைப்பும் வீழ்ச்சியும் அத்தீர்மானம் நிறைவேறுவதற்கான வழிகளே என்றும் பெசா கற்பித்தார். டெல்ஃப்ட் போதகர்களோ, இறைவன் ஏற்கனவே வீழ்ந்துவிட்ட மனுக்குலத்தைக் கண்முன் வைத்தே அதிலிருந்து சிலரை இரக்கத்தினால் தெரிந்துகொண்டார், மற்றையோரை அவர்தம் பாவத்தில் விட்டுவிட்டார் என்றனர். வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது சொற்சிலம்பமாகத் தோன்றலாம். ஆனால், பாவம் செய்யுமாறு மனிதனை நிருணயித்தவர் இறைவனே என்னும் முடிவுக்கு முதற் கொள்கை இட்டுச் செல்கின்றதா இல்லையா என்பதே அதன் உட்கிடை.

பெசாவின் மாணவர் என்ற வகையில் டெல்ஃப்ட் நூலுக்கு மறுப்பெழுதும்படி ஆர்மினியஸ் கேட்கப்பட்டார். மறுக்கப் புகுந்தவர் மறுக்கப்பட வேண்டிய கருத்தினாலேயே வெல்லப்பட்டு, பின் அதனையும் கடந்து சென்றார் என்பது வழமையாகச் சொல்லப்படும் கதை. அவர் தமது ஆசிரியரின் கொள்கையை எக்காலத்திலேனும் முழுமையாக ஏற்றிருந்தாரா என்பதையே பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். எதுவாயினும், அம்மறுப்பு நூல் வெளிவரவில்லை.

உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை வரிசையாகப் பிரசங்கித்து வந்த அவர், 1591இல் ஏழாம் அதிகாரத்தை விளக்கியபோது சக போதகர் பெட்ரஸ் பிளான்சியஸின் கண்டனத்துக்கு ஆளானார். ஒன்பதாம் அதிகாரத்தை அடைந்தபோது பூசல் முற்றியது. யாக்கோபு நேசிக்கப்பட்டு ஏசா வெறுக்கப்பட்டமையையும், குயவன் ஒரே களிமண்ணிலிருந்து வெவ்வேறு பாத்திரங்களை வனைவதையும் கூறும் அவ்வதிகாரம், முன்குறித்தலை வலியுறுத்துவோரின் கோட்டையாகும். அங்கு பேசப்படுவது தனிமனிதரின் தலைவிதியன்று, விசுவாசத்தால் நீதி தேடுவோரும் தம் செயல்களால் நீதி தேடுவோருமாகிய இரு வகையினரைப் பற்றியே என்று ஆர்மினியஸ் வாதித்தார். அவரை எதிர்த்த பிளான்சியஸ் சாதாரண மனிதரல்லர். போதகராக இருந்துகொண்டே ஒல்லாந்தின் தலைசிறந்த வரைபடவியலாளராகவும் திகழ்ந்தவர். கிழக்குத் திசைக்குப் புறப்பட்ட தொடக்க கால ஒல்லாந்துக் கப்பல்களுக்கு வழிகாட்டியவை அவரது கடல்வரைபடங்களே. நகராட்சியினர் தலையிட்டுச் சமரசம் செய்து வைத்தமையால் ஆம்ஸ்டர்டாமில் பூசல் அடங்கியது.

ஆர்மினியஸை வெறும் தர்க்கவாதியாக எண்ணிவிடலாகாது. ஆம்ஸ்டர்டாமில் 1601, 1602ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்றோரின் வீடுகளுக்கு அவர் அஞ்சாது சென்று வந்தார். அயலவர் எவரும் நுழையத் துணியாத ஏழை வீடொன்றினுள் தாமே தண்ணீர் கொண்டு சென்று, வீட்டார் அனைவருக்கும் பருகக் கொடுத்ததாகக் கூறப்படுகின்றது. சாவின் விளிம்பில் இருப்போர் தாம் தெரிந்துகொள்ளப்பட்டவர்களா என்று கேட்டுக் கலங்குவதை அவர் பலமுறை கண்டிருக்க வேண்டும். தமது கொள்கையை அவர் விளக்குமிடங்களில் இரண்டு ஆபத்துகளைத் திரும்பத் திரும்பச் சுட்டினார். ஒன்று நிராசை, மற்றையது அலட்சியம். அழிவுக்குக் குறிக்கப்பட்டவன் முயன்று பயனில்லை, வாழ்வுக்குக் குறிக்கப்பட்டவன் முயலத் தேவையில்லை என்ற எண்ணமே இரண்டுக்கும் ஊற்று என்பது அவரது கருத்து.

அதே கொள்ளைநோய் லெய்டன் பல்கலைக்கழக இறையியற் பேராசிரியர்களையும் காவுகொண்டது. வெற்றிடத்துக்கு ஆர்மினியஸின் பெயர் முன்மொழியப்பட்டது. எஞ்சியிருந்த பேராசிரியரான பிரான்சிஸ்கஸ் கோமாரஸ் அதனை எதிர்த்தார். 1603 மே மாதம் ஹேக் நகரில் இருவரும் நேரில் சந்தித்துப் பேசினர். கோமாரஸ் ஓரளவு திருப்தியுற்று, அவ்வாண்டு ஜூலையில் தாமே முன்னின்று ஆர்மினியஸுக்குக் கலாநிதிப் பட்டமளித்தார். அந்த இணக்கம் ஓராண்டுகூட நீடிக்கவில்லை. 1604 பெப்ரவரியில் முன்குறித்தல் பற்றி ஆர்மினியஸ் விவாத அரங்கொன்றை நடத்த, அதே ஆண்டு ஒக்டோபரில் கோமாரஸ் முறைமைக்கு மாறாக அதே பொருளில் எதிர் அரங்கு நடத்தினார். மாணவர் இரு கூறாயினர். பிரசங்க பீடங்களிலிருந்து சந்தைகளுக்கும் அவ்வழக்கு இறங்கியது.

கோமாரஸைக் கடின நெஞ்சினராகச் சித்திரிப்பது நியாயமாகாது. அவரும் பிளான்சியஸும் தென்பகுதியான பிளாண்டர்ஸில் பிறந்து, ஸ்பானிய ஆட்சியின் கெடுபிடியால் தாயகத்தை இழந்து வடக்கே வந்தவர்கள். ஊரையும் உடைமையையும் விட்டோடிய அகதிகளுக்கு, தமது மீட்பு தமது தளும்பும் மனத்தில் அல்லாமல் இறைவனின் அசையாத தீர்மானத்திலேயே தங்கியிருக்கின்றது என்னும் போதனை எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! அதே ஸ்பானியப் படையினால் குடும்பம் முழுவதையும் இழந்த ஆர்மினியஸ் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். ஒரே நெருப்பில் வெந்தவர்கள் இரு வேறு திசைகளில் நின்றார்கள்.

ஆர்மினியஸ் கூறியதுதான் என்ன? இறைவனின் முதலாவது தீர்மானம் இன்னார் வாழ்வார், இன்னார் அழிவார் என்பதன்று. கிறிஸ்துவை மீட்பராக ஏற்படுத்தியதே முதலாவது. மனந்திரும்பி விசுவாசிப்போரை அவர் மூலம் ஏற்பது இரண்டாவது. அதற்குரிய வழிவகைகளை அருளுவது மூன்றாவது. யார் விசுவாசிப்பர், யார் நிலைத்திருப்பர் என்பதை இறைவன் முன்னறிந்திருப்பதன் அடிப்படையில் தனிமனிதரைத் தெரிந்துகொள்வது நான்காவதாகவே வருகின்றது. இதனால் மனிதன் தன் வல்லமையால் மீட்படைகின்றான் என்று ஆகிவிடாதா எனக் கேட்டோருக்கு, கிருபையின்றி மனிதனால் நல்லதொன்றை எண்ணவும் இயலாது என்று அவர் உறுதியாகக் கூறினார். ஆனால், அக்கிருபையை மனிதன் மறுத்துவிடலாம். பிச்சைக்காரன் கையை நீட்டிப் பெற்றுக்கொண்டான் என்பதற்காகச் செல்வந்தன் இட்ட பிச்சை தானமல்லாது போய்விடுமா என்னும் கருத்தில் அவர் கூறிய உவமை பெயர் பெற்றது.

இவ்வினா கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை எமது வாசகர்கள் அறிவர். களா கத்ர் பற்றிய ஈமானுடன் மனிதனின் பொறுப்பு எவ்வாறு பொருந்துகின்றது என்பதில் கத்ரிய்யாக்களும் ஜபரிய்யாக்களும் இரு முனைகளில் நின்றதும், அஷ்அரிய்யா அறிஞர்கள் நடுவழி தேடியதும் இஸ்லாமிய வரலாறு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாயால் கௌவிச் செல்லப்படும் பூனைக் குட்டியையும் காட்டி வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது தமிழ் வைணவ வரலாறு.

1608 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஒல்லாந்து மாகாண மன்றத்தின் முன் ஹேக்கில் தோன்றி ஆர்மினியஸ் தமது கொள்கைகள் முழுவதையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார். அதுவரை அவர் காட்டிய மௌனத்தை எதிரிகள் கபடம் என்றனர். வகுப்பறையில் ஒன்றும் தனிமையில் வேறொன்றும் கற்பிக்கிறார் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. கேட்கப்பட்ட இடங்களிலெல்லாம் பதிலைத் தள்ளிப்போட்டவர் அவர். அதே ஆண்டு உயர்மன்றத்தின் முன் நடந்த விசாரணையில், ஆர்மினியஸின் கருத்துகளோடு தாம் இறைவனின் நீதியாசனத்தின் முன் நிற்கத் துணியமாட்டார் என்ற கருத்தைக் கோமாரஸ் வெளியிட்டிருந்தார். அவர்களுக்கு இது வெறும் தர்க்கமாக இருக்கவில்லை.

ஆர்மினியஸ் வேண்டியது சபை அறிக்கைகளை மறுபரிசீலனை செய்யும் ஒரு தேசியப் பேரவையையும், அதுவரை பரஸ்பர சகிப்பையும். அப்பேரவையைக் கூட்டும் அதிகாரம் அரசுக்குரியது என்பதும், சபை மன்றங்களின் கையினின்று மாற்றுக் கருத்தினரை அரசே காக்கவேண்டும் என்பதும் அவரதும் நண்பர் யோஹன்னஸ் ஓய்டன்போகார்ட்டினதும் நிலைப்பாடு. இங்கேதான் அவர்கள் தவறு செய்தார்கள் என்பது எமது எண்ணம். இறையியல் வழக்கை ஆட்சியாளரின் வாசலுக்குக் கொண்டுசென்றவர்கள், ஆட்சி கைமாறினால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

காசநோயினால் நலிந்திருந்த ஆர்மினியஸ், 1609 ஓகஸ்டில் ஹேக்கில் கோமாரஸுடன் நடந்த இறுதி வாதத்தின் நடுவே நோய் முற்றி லெய்டன் திரும்பினார். அவரது நோயே இறைவனின் தீர்ப்பு என்று சொன்னவர்களும் இருந்தனர். ஒக்டோபர் 19ஆம் திகதி, ஐம்பது வயதை அண்மித்த நிலையில், மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் விட்டு அவர் மறைந்தார். லெய்டனின் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வழக்கு அவரோடு அடங்கவில்லை. 1610இல் அவர் வழிநின்ற போதகர்கள் ஐந்து கூற்றுகள் அடங்கிய முறையீடொன்றை மாகாண மன்றத்துக்குச் சமர்ப்பித்தனர். மெய்யாக விசுவாசித்த ஒருவன் பின்னர் விழுந்துபோகக்கூடுமா என்ற ஐந்தாவது வினாவை மாத்திரம், ஆசிரியரைப் போலவே, முடிவு கூறாமல் விட்டிருந்தனர். மாகாணத்தின் பெருந்தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அவர்களை ஆதரித்தார். அவர்களது கை ஓங்கியிருந்த ரொட்டர்டாம் போன்ற நகரங்களில் எதிர்த்தரப்புப் போதகர் பதவி இழந்ததும் உண்மை. 1609இல் ஸ்பெயினுடன் அவர் செய்துகொண்ட பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தத்தை வெறுத்த படைத்தளபதி மொரிஸ் இளவரசர், 1617இல் கோமாரஸ் தரப்போடு வெளிப்படையாகச் சேர்ந்தார். அதன் பின்னர் முன்குறித்தலை மறுப்பவன் ஸ்பெயினின் கையாள் என்ற பேச்சுத் தெருவெங்கும் பரவியது.

1618 ஓகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் கைதானார். நவெம்பர் 13ஆம் திகதி டோர்ட்ரெக்ட் நகரில் பேரவை கூடியது. ஆர்மினியஸ் கேட்ட தேசியப் பேரவைதான். ஆனால், அவரது மாணவர் எப்பிஸ்கோப்பியஸும் தோழர்களும் அங்கு அங்கத்தவர்களாக அன்றிக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாகவே அழைக்கப்பட்டனர். 1619 ஜனவரியில் தலைவர் பொகர்மனால் வெளியேற்றப்பட்டனர். இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிற்சர்லாந்துப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த அப்பேரவை முறையீட்டைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. விசித்திரம் என்னவெனில், அத்தீர்ப்பின் வாசகம் பெசாவின் கடுமையான கொள்கையில் அமையாது, வீழ்ந்த மனுக்குலத்திலிருந்து தெரிந்துகொள்ளுதல் என்ற டெல்ஃப்ட் போதகர்களின் வழியிலேயே அமைந்தது. பேரவையில் வீற்றிருந்த கோமாரஸின் கடுங்கருத்து கண்டிக்கப்படவும் இல்லை. கல்வினியருக்குள் இவ்விரு நிலைகளுக்கும் இடமிருந்தது, மூன்றாவதற்கு இருக்கவில்லை.

பேரவை முடிந்து நான்காம் நாள், 1619 மே 13இல், எழுபத்தோரு வயதான ஓல்டன்பார்னவெல்ட் ஹேக்கில் தலை துணிக்கப்பட்டார். டெல்ஃப்டில் பிறந்த சட்டமேதை குரோஷியஸ் ஆயுட்சிறை பெற்று, 1621இல் மனைவியின் துணிவினால் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி நீக்கப்பட்டனர். வாய் திறவோம் என்று ஒப்பமிட மறுத்தோர் நாடு கடத்தப்பட்டனர். 1625இல் மொரிஸ் இறந்த பின்னரே அவர்கள் மெல்லத் திரும்பி வந்தனர். அவர்களது சிறு சபை ஒல்லாந்தில் இன்றும் உண்டு.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது, அவர்களுடன் வந்த சபை டோர்ட்ரெக்ட் தீர்ப்பை ஏற்ற சபையாகும். பாதிரியார் பல்தேயஸ் கற்ற லெய்டனில் ஆர்மினியஸின் கருத்துக்கு அப்போது இடமிருக்கவில்லை. மறுபுறத்தில், ஆங்கிலேயரான ஜோன் வெஸ்லி ஆர்மினியஸின் வழியைத் தமதாக்கி, 1778இல் தமது சஞ்சிகைக்கே அவர் பெயரைச் சூட்டினார். வெஸ்லியின் மெதடிஸ்த மிஷனரிமார் 1814இல் இலங்கை வந்து மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பணி தொடங்கினர். இரண்டு ஆண்டுகளின் பின்னர் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிமார் கல்வினிய மரபினர். மெதடிஸ்தரான பீற்றர் பேர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரின் தமிழ்த் துணையோடு யாழ்ப்பாணத்தில் செய்வித்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம் பிரசங்க பீடத்தில் ஆர்மினியஸையும் பிளான்சியஸையும் மோதவைத்த உரோமர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரமும் அதில் அடங்கும்.